டப்பா சிஸ்டருக்குப் பால் ஒத்துக்காது

எங்க கண் ஆஸ்பத்திரி கேம்ப் வேன்ல பதினோரு வருஷம் நான் ஸ்டியரிங் பிடிச்சேன். அதுல ஒன்பதரை வருஷம் என் பக்கத்து சீட்டுல டப்பா சிஸ்டர் உக்காந்திருந்தாங்க. இப்போ நான் ஓட்டுறது வேற வண்டி. பக்கத்து சீட்டுல துவைக்கப் போற பெட்ஷீட் மூட்டை தான் உக்காந்து வருது. மூட்டைகிட்ட என்னத்தைப் பேசறது? போன மாசம் சிஸ்டர் ரிட்டயர் ஆயிட்டாங்க. அதுலருந்து யார்கிட்டயாவது அவங்களைப் பத்திச் சொல்லணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது, அதான் உங்களைப் பிடிச்சு உக்கார வெச்சிருக்கேன்.

பேர் வெச்சது நான் இல்ல, எங்க கண்ணாடிக்காரர். கேம்புக்கு வர்றவங்களுக்கு லென்ஸ் மாட்டிப் பவர் பார்க்கிற மனுஷன், கண்ணுல படற எல்லாருக்கும் ஒரு பட்டப்பேர் வெச்சிடுவாரு. சிஸ்டர் கேம்புக்கு வந்த முதல் நாள் ஒரு பையில நாலு எவர்சில்வர் டப்பா, ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன், துணியில சுத்தின ஆறு தட்டுன்னு கொண்டாந்து தன் கால்கிட்ட வெச்சுக்கிட்டாங்க. முதல் பள்ளத்துல வண்டி இறங்கினதும் கல்யாண வீட்டுச் சமையல்கட்டு மாதிரி ஒரே சத்தம். கண்ணாடிக்காரர் பின்னாடியிருந்து, டப்பா சிஸ்டர், உங்க கச்சேரியைக் கொஞ்சம் நிறுத்தக் கூடாதான்னு கேட்டாரு. அவங்களும் சேர்ந்து சிரிச்சாங்க. அன்னிலருந்து வாட்ச்மேன்லருந்து பெரிய டாக்டர் வரைக்கும் அந்தப் பேர் தான்.

எனக்கு முதல் நாள் அவங்களைச் சுத்தமாப் பிடிக்கல. உண்மையைச் சொல்றதுல என்ன இருக்கு? நான் பசி தாங்காத ஆளு. பசிச்சா எனக்குக் கண்ணு தெரியாது. கண் ஆஸ்பத்திரி டிரைவர் சொல்ற பேச்சா இது, ஆனா அப்படித்தான். ரோட்டோரம் ஒரு ஹோட்டல்ல நிறுத்தினேன். நாங்க சாப்பிட்டுக் கை கழுவியாச்சு, சிஸ்டரைக் காணோம். எட்டிப் பார்த்தா சமையல்கட்டுல விசாரணை நடக்குது. பருப்புல நெய் விட்டீங்களா, குழம்புல தயிர் சேர்த்தீங்களா, காயை வெண்ணெய்ல வதக்கினீங்களா எண்ணெய்லயா. சமையல்காரர் கரண்டியும் கையுமா நின்னு, நாங்க சுத்த சைவம்ங்கன்னு சத்தியம் பண்றாரு. இவங்க, "தெரியுதுங்க, நான் அதுக்கும் கொஞ்சம் தள்ளி"ன்னு சொல்லிட்டு, ஒரு பங்கு காயை மட்டும் எண்ணெய்ல வதக்கித் தரச் சொல்லி டப்பாவை நீட்டுறாங்க. நான் வண்டியில ஏறி ஹாரனை அமுக்கினேன் பாருங்க, விடாம அமுக்கினேன். ஆடி அசைஞ்சு வந்து ஏறி, டிரைவரே, ஹாரன் அடிச்சா காய் சீக்கிரம் வேகாதுன்னாங்க. எனக்கு வந்த கோபத்துக்கு அடுத்த இருபது கிலோமீட்டர் வாயே திறக்கல. அவங்க அதைக் கவனிச்ச மாதிரியே தெரியல, நிதானமா மென்னுக்கிட்டே வந்தாங்க.

சிக்கல் என்னன்னா, அவங்க சாப்பாட்டுக்கு நம்ம வாயில ஒரு பேர் இல்ல. சைவம்னு சொன்னா பாலும் தயிரும் நெய்யும் கூடவே ஒட்டிக்கிட்டு வந்துடும். பால் வேண்டாம்னா, உடம்புக்கு என்னன்னு கேப்பாங்க. ஒரு நாள் கண்ணாடிக்காரர் எதையோ படிச்சுட்டு வந்து, இதுக்குப் பேர் வீகனாம் சிஸ்டர், இனிமே அப்படிச் சொல்லுங்கன்னாரு. அடுத்த ஹோட்டல்ல சொல்லிப் பார்த்தாங்க. பரிமாறுறவர் உள்ள போய்க் கேட்டுட்டு வந்து, வீகன் காலையிலயே தீந்துபோச்சுன்னுட்டாரு. சிரிச்சு சிரிச்சு எனக்கு வயித்த வலி, வண்டியை எடுக்கவே கால் மணி நேரம் ஆச்சு. எங்களுக்குள்ள இருந்த முறைப்பு அன்னியோட போச்சு.

சாப்பாடு ஒண்ணுன்னா குப்பை இன்னொண்ணு. கேம்ப் நடத்துற ஊர்க்காரங்க அன்பா பொட்டலச் சாப்பாடு வாங்கி வெச்சிருப்பாங்க. அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சா உள்ள கவர், கவருக்குள்ள கவர், ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன், காகித கப்பு. சாப்பிட்டு முடிச்சா கேம்ப் நடக்கிற பள்ளிக்கூட வாசல்ல ஒரு குன்று நிக்கும். சிஸ்டர் வந்த ரெண்டாவது மாசத்துலருந்து முதல் நாளே போன் போயிடும்: பொட்டலம் வேண்டாம், பாத்திரத்துல கொண்டாங்க, தட்டு எங்ககிட்ட இருக்கு. வண்டி பின்னாடி குழாய் வெச்ச தண்ணி கேன் ஒண்ணு ஏறிச்சு. சாப்பிட்டவங்க தட்டை அவங்கவங்க கழுவணும். கல்யாணமாகி இருபது வருஷத்துல ஒரு தட்டு கழுவினது கிடையாது, ஆஸ்பத்திரி வேலைக்கு வந்து கழுவறேனேன்னு கண்ணாடிக்காரர் புலம்புவாரு. புலம்பிக்கிட்டே பளபளன்னு கழுவிடுவாரு. வாழைப்பழத் தோல், கடலைத் தொலி எல்லாம் நாலாவது டப்பாவுல சேரும். வழியில ஏதாவது மாட்டைப் பார்த்தா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்க் கொடுத்துட்டு வருவாங்க. மாட்டுக்குக் கொடுப்பாங்க, மாட்டுகிட்ட இருந்து எதையும் வாங்கிக்க மாட்டாங்கன்னு கண்ணாடிக்காரர் சொல்வாரு.

ஏன் இப்படின்னு ஒரு மத்தியானம் கேட்டே போட்டேன். மரத்தடியில வண்டி நிக்குது, கடலை உரிச்சுக்கிட்டிருக்காங்க. இங்க வர்றதுக்கு முன்னாடி பத்து வருஷம் பிரசவ வார்டுல இருந்தாங்களாம். குழந்தையை எடை பார்க்கப் பத்து நிமிஷம் தூக்கிட்டுப் போனா, பெத்தவ இருபது தடவை கேப்பாளாம், குழந்தை எங்க சிஸ்டர்னு. வார்டுக்குப் பின்னாடியே ஒரு மாட்டுக் கொட்டகை. கன்னைப் பிரிச்சுக் கொண்டு போனா அங்கயும் அதே கேள்வி தான் கேக்கும், பகலெல்லாம் கேக்கும். "வார்டுல நான் பதில் சொல்லிடுவேன் டிரைவரே. அங்க போய் என்ன சொல்றது? அதனால வாங்கறதை நிறுத்திட்டேன்"னாங்க. அவ்வளவு தான், திரும்பக் கடலை உரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அன்னிக்குச் சாயங்காலமே அவங்க பக்கத்துல உக்காந்து நான் பால் டீ குடிச்சேன். ஒரு பார்வை கிடையாது, ஒரு பேச்சு கிடையாது. அத்தனை வருஷத்துல என்னையோ கண்ணாடிக்காரரையோ நீங்களும் பாலை விடுங்கன்னு ஒரு தடவை கூடச் சொன்னதில்ல. வீட்டுக்காரரையே சொன்னதில்லயாம். அவர் அச்சாபீஸ்ல வேலை பார்க்கிறவரு, தயிர் இல்லாம சாப்பாடு இறங்காது. அவர் தயிரை அவரே வாங்கி, அந்தக் கிண்ணத்தை அவரே கழுவி வெச்சுடுவாராம்.

ரோடுன்னா அவங்களுக்கு உசுரு. ரெண்டு நாள் சேர்ந்தாப்புல ஆஸ்பத்திரியில இருந்தா முகம் வாடிப் போயிடும். எந்த ஊர்ல யாருக்கு எந்தக் கண்ணுன்னு மனப்பாடம். இடது கண்ணு ஆபரேஷன் பண்ணின தையல்காரர், சொட்டு மருந்துக்குப் பயந்து ஓடின லாரிக்காரர்னு வண்டி ஊருக்குள்ள நுழையும்போதே ஆரம்பிச்சுடுவாங்க. ஒரு ஊர்ல பஸ் நிலையத்துக்கு எதிர்ல சின்ன ஹோட்டல், அங்க சமையல்காரருக்கு இவங்க தான் கண்ணாடி வாங்கிக் கொடுக்க ஏற்பாடு பண்ணினது. அதுலருந்து நாங்க வர்ற நாள் தெரிஞ்சா போதும், கேக்காமலே அவங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிடுவாரு. ரிட்டயர் ஆகற வரைக்கும் இந்த சீட்டை விட மாட்டேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அந்த சீட்டைப் பிடுங்கினது நான் தான்.

எப்படின்னு சொல்றேன். ஒரு பால் பண்ணைக்காரர் தன்னோட பெரிய ஹாலைக் கேம்புக்குக் கொடுத்திருந்தாரு. நல்ல மனுஷன், எங்க ஆஸ்பத்திரிக்கு நாற்காலி, ஜெனரேட்டர்னு எத்தனையோ செஞ்சவரு. முன்னூத்துப் பத்துப் பேர் கண்ணைப் பார்த்து முடிச்சு நாங்க அசந்து போய் உக்காந்திருக்கோம். அவரே தட்டை ஏந்திக்கிட்டு வர்றாரு. சுண்டக் காய்ச்சின பால், ஆளுக்கொரு பெரிய டம்ளர். நான் வாங்கிக்கிட்டேன், கண்ணாடிக்காரர் வாங்கிக்கிட்டாரு. சிஸ்டர் சிரிச்ச முகமா வேண்டாங்கன்னாங்க. அவர் விடல. சிஸ்டரும் விடல. ஹால்ல இருந்தவங்க எல்லாம் பார்க்கிறாங்க. கடைசியில அவர் முகம் சுருங்கிப் போய், என் பண்ணைப் பால்ல என்னம்மா குறை கண்டீங்கன்னு கேட்டாரு.

சிஸ்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தாங்க. என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும், உள்ளதை உள்ளபடி சொல்லுவாங்க. பால் பண்ணைக்காரர்கிட்டயே கன்னுக்குட்டிக் கதையா? முந்திக்கிட்டேன்.

"ஐயா, அவங்களுக்குப் பால் ஒத்துக்காதுங்க."

அதோட நிறுத்தியிருந்தா நான் மனுஷன். வாய் சும்மா இருந்ததா? ஒரு சொட்டு உள்ள போனாலும் மூச்சு முட்டும், உடம்பெல்லாம் தடிச்சுடும், போன வருஷம் வழியில நினைவு தப்பி நான் தான் தூக்கிட்டு ஓடினேன்னு அவிழ்த்து விட்டேன். கண்ணாடிக்காரர் பாலைக் குடிக்காம என்னையே பார்க்கிறாரு. பண்ணைக்காரருக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. தெரியாம வற்புறுத்திட்டேனேம்மான்னு மன்னிப்புக் கேட்டு, ஒரு கூடை கொய்யாப்பழம் வண்டியில ஏத்தினாரு. திரும்பி வரும்போது சிஸ்டர் ஒரு கொய்யாவை எடுத்துத் துடைச்சாங்க. அப்புறம், நான் எப்போ டிரைவரே நினைவு தப்பினேன்னு கேட்டாங்க. சும்மா ஒரு பேச்சுக்குன்னேன். என் பேச்சை நானே பேசியிருப்பேனேன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

பண்ணைக்காரர் நல்லவரா இருந்தது தான் வினையாப் போச்சு. மனசு கேக்காம பெரிய டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிட்டாரு. இப்படி ஆபத்தான உடம்பு இருக்கிற சிஸ்டரை ஊர் ஊரா அலைய விடலாமா, யாராவது தெரியாம எதையாவது கொடுத்துட்டா என்ன ஆகும்னு அக்கறையா ரெண்டு பக்கம். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டாரு. வழியில நினைவு தப்பினது நிஜமா, நிஜம்னா அன்னிக்கே ஏன் சொல்லல, தேதி இடம் போட்டு எழுதிக் கொடுன்னு காகிதத்தை நீட்டினாரு. இல்லைன்னு சொன்னா, ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு செஞ்ச மனுஷன்கிட்ட புளுகினவன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எனக்குப் படிக்கிற பொண்ணுங்க ரெண்டு. எழுதினேன். ஏதோ ஒரு தேதி, ஏதோ ஒரு ரோடு, கீழ என் கையெழுத்து.

மறுநாள் சிஸ்டரையும் கூப்பிட்டாங்க. அந்த ரூம் இப்பவும் எனக்குக் கண்ணுலயே நிக்குது. சுவத்துல பெரிய கண்ணு படம், மேஜை மேல என் காகிதம். சிஸ்டர் அதை எடுத்து முழுசாப் படிச்சாங்க. என் கையெழுத்து வரைக்கும் படிச்சாங்க. அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. நான் தரையைப் பார்த்தேன்.

"பால் ஒத்துக்காதா சிஸ்டர்?"ன்னு பெரிய டாக்டர் கேட்டாரு.

"ஒத்துக்காது டாக்டர்."

நம்ம வார்டுலயே வெச்சு சொட்டுச் சொட்டா ஆரம்பிச்சு ஒரு டம்ளர் குடிச்சுப் பார்க்கலாம், பக்கத்துல நானே இருக்கேன், ஒண்ணும் ஆகலன்னா நீங்க தாராளமா வேன்ல போகலாம்னு அவர் சொன்னாரு. ஒரு டம்ளர் தான். குடிச்சிருந்தா சீட்டு திரும்பக் கிடைச்சிருக்கும். ஆனா நான் எழுதினது புளுகுன்னு அந்த நிமிஷமே ஆயிருக்கும். சிஸ்டர் யோசிக்கவே இல்ல, அது வேண்டாம் டாக்டர்னாங்க. அடுத்த வாரத்துலருந்து அவங்களுக்கு ஸ்டோர் ரூம் டியூட்டி. ஜன்னல் இல்லாத ரூம், சொட்டு மருந்து அட்டைப்பெட்டி, பஞ்சு மூட்டை, ஒரு டியூப் லைட்டு.

ஒன்றரை வருஷம். நான் வாயைத் திறக்கல. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிக்கிட்டே போனேன். புதுசா வந்த சிஸ்டர் தங்கமான பொண்ணு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா வண்டி பழையபடி குப்பை வண்டி ஆயிடுச்சு. சீட்டுக்கடியில கப்பு, கதவு இடுக்குல கவர். கண்ணாடிக்காரர் ஒரு நாள் பொட்டலத்தைச் சாப்பிட்டுட்டு, கழுவ ஒண்ணும் இல்லாம கையைக் கையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் திருந்தி உத்தமனாயிட்டேன்னு கதை விட மாட்டேன், இன்னிக்கும் பால் டீ தான் குடிக்கிறேன். ஆனா ஒரு டம்ளர் வாங்கி வண்டியில வெச்சுக்கிட்டேன். அது இருந்தா பக்கத்துல யாரோ இருக்கிற மாதிரி இருந்தது. மருந்து எடுக்க ஸ்டோருக்குப் போனா சிஸ்டர் எப்பவும் போலப் பேசுவாங்க. அந்தத் தையல்காரர் எப்படி இருக்காரு, மழையில அந்தப் பாலம் என்ன ஆச்சுன்னு ஊர் ஊரா விசாரிப்பாங்க. ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம். திட்டல.

ஒரு நாள் அந்தப் பஸ் நிலைய ஹோட்டலுக்குப் போனோம். சமையல்காரர் வெளிய வந்து வண்டிக்குள்ள எட்டிப் பார்த்தாரு. இந்தத் தடவையும் சிஸ்டர் வரலையான்னாரு. இல்லைங்கன்னேன். அவர் உள்ள போய் மூடி போட்ட ஒரு கிண்ணத்தைக் கொண்டு வந்தாரு. "நெய் விடறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சேன். ஒவ்வொரு தடவையும் எடுத்து வெக்கிறேன், நீங்க தான் சொல்ல மாட்டேங்கறீங்க, அவங்களுக்கு என்ன ஆச்சு?"ன்னாரு. என்ன ஆச்சுன்னு நான் என்னன்னு சொல்றது? கிண்ணத்தை வாங்கிக்கிட்டுப் போய் ஒரு மூலையில உக்காந்து சாப்பிட்டேன். பருப்பும் பூசணிக்காயும். நல்லா தான் இருந்தது. கிண்ணத்தை நானே கழுவிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில பெரிய டாக்டர் கோட்டு மாட்டறதுக்கு முன்னாடியே போய் நின்னேன். எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவர் சிஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினாரு. இவன் எழுதினது பொய்னா நீங்களும் ஏன் பொய் சொன்னீங்கன்னு கேட்டாரு. நான் பொய் சொல்லல டாக்டர், ஒத்துக்காதுன்னு தான் சொன்னேன், உடம்புக்கா மனசுக்கான்னு நீங்க கேக்கலன்னாங்க. பெரிய டாக்டருக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்துடுச்சு. வந்த சிரிப்பை அடக்கிக்கிட்டு என் பக்கம் திரும்பி, நீ எழுதிக் கொடுத்ததுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாதுன்னாரு. எனக்கு மெமோ. கேம்ப் வேன்லருந்து தூக்கி, பெட்ஷீட் துவைக்கக் கொண்டு போற வண்டிக்குப் போட்டாரு. வேலை போகல, அதுவே பெருசு. சிஸ்டருக்குத் திரும்பவும் கேம்ப்.

ஆக, அவங்க சீட்டு அவங்களுக்குக் கிடைச்சுது. பக்கத்து சீட்டு தான் எனக்கு இல்ல. இதை நான் கணக்குப் போட்டுப் பார்க்காம போய் நிக்கல, தெரிஞ்சு தான் போனேன். ஆனா தெரியறது வேற, திங்கட்கிழமை காலையில வாசல் கேட்டுகிட்ட நின்னு பார்க்கிறது வேற.

கேம்ப் வேன் புறப்படுது. ஸ்டியரிங்ல புது டிரைவர். சிஸ்டர் பையை ஏத்திட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு ஏறி உக்காந்தாங்க. கண்ணாடிக்காரர் பின்னாடியிருந்து என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாரு. நான் ஜன்னல்கிட்ட போனேன். மன்னிச்சுடுங்க சிஸ்டர்னு சொல்லத்தான் போனேன். சொல்ல வரல, கண்ணாடி சரியா மூடுதான்னு பார்க்கிற மாதிரி ஜன்னலைத் தடவிக்கிட்டு நின்னேன்.

அவங்க தான் பேசினாங்க.

"நீங்க வந்து சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும் டிரைவரே. இவ்வளவு நாள் எடுத்துக்குவீங்கன்னு தான் தெரியல."

புது டிரைவர் கியரைப் போட்டான். வண்டி கேட்டைத் தாண்டித் திரும்பிப் போச்சு. அம்பது வயசுக்காரன், மீசை வெச்ச ஆளு, வாட்ச்மேன் பார்க்கப் பார்க்க நின்னு அழுதேன்.